சேபட் கேட்பதற்கு முன்: எல்க் வேட்டைக் குண்டுகள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

கொலராடோவின் செப்டம்பர் மசில்லோடர் (பேரலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி) பருவத்தில் சேபட் குண்டுகளுக்கு உள்ள தடையை நீக்கக் கோரி உறுப்பினர்களில் ஒரு சாரார் கையெழுத்து திரட்டிவருகிறார்கள். சங்கத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நியூ மெக்ஸிகோ 2023-இல் மசில்லோடர் வேட்டையிலிருந்து ஸ்கோப்பை அகற்றியது. யூட்டா 2016-இல் கொடுத்த உருப்பெருக்கும் ஸ்கோப்பை 2024-இல் திரும்ப வாங்கிக்கொண்டது. அண்டை மாநிலங்கள் பிடியை இறுக்கும்போது கொலராடோவைத் தளர்த்தச் சொல்வது உகந்ததா என்பதில் செயற்குழுவுக்குள்ளேயே இரு கருத்துகள் உண்டு. எனவே தற்போதைய நிலையில் சங்கம் இக்கோரிக்கையை ஆதரிக்கவில்லை. எதிர்த்துப் பிரசாரம் செய்யவும் போவதில்லை.

பேரலைவிடச் சிறிய குண்டைப் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து சுடுவதுதான் சேபட். அது வந்தால் காயத்தோடு தப்பும் எல்க் குறையும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேபட்டில் வைக்கப்படும் குண்டுகளில் பல, கைத்துப்பாக்கிக்காக வார்த்த .44, .45 ரகங்கள். குறைந்த வேகத்திலேயே விரியும்படி செய்யப்பட்ட அவற்றை மருந்தை அள்ளிக் கொட்டி விரட்டினால், எல்க்கின் தோள் எலும்பில் பட்டதுமே சிதறக்கூடும். நல்ல செம்புக் குண்டுகளும் இருக்கின்றன. அதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது .50 காலிபர். அரை அங்குல அகலமுள்ள ஈயக் குண்டு விரியாமலேயே பெரிய துளை போடும். முந்நூறு கிலோ எடையுள்ள ஆண் எல்க்கிடம் அது செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: ஒரு விலாவில் நுழைந்து மறு விலாவில் வெளியேறுவது.

உருண்டைக் குண்டுக்கும் கூம்புக் குண்டுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. .50 காலிபர் பேரலுக்கான உருண்டை சுமார் 177 கிரெயின். வினாடிக்கு 2,000 அடி வேகத்தில் புறப்பட்டாலும் 100 கஜத்தில் ஏறக்குறைய 1,100 அடிக்கு வந்துவிடும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 385 கிரெயின் கூம்புக் குண்டு 1,400 அடியில்தான் கிளம்பும், ஆனால் அதே தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலோடு போய்ச் சேரும். உருண்டையை விரும்புவோர் 60 கஜத்துக்குள் நிற்பது நல்லது என்று சங்கம் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், விதியல்ல.

தூரம் பற்றிச் சங்கத்தால் இவ்வளவு மென்மையாகப் பேச முடியவில்லை. 100 கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் அந்தக் கூம்புக் குண்டு 150 கஜத்தில் சுமார் 10 அங்குலம் தாழும். முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்கச் சொல்லித்தான் எல்லாரும் பழக்குகிறோம். அங்கிருந்து 10 அங்குலம் இறங்கினால் நுரையீரலும் இல்லை, இதயமும் இல்லை. முன்னங்கால் எலும்பு உடையும், அல்லது நெஞ்சடி மயிர் கொஞ்சம் உதிரும். கண்ணளவில் 150-ஐ 110 என்று நினைத்துச் சுட்டுவிட்டு, முகாமுக்கு வந்து குண்டைத் திட்டுகிறார்கள். இவர்களுக்கு சேபட்டைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு 200 கஜத்தில் சுடுவார்கள்.

செயற்குழுவில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது இன்னொரு விஷயம். கருமருந்து வெடித்ததும் வெண்புகை எழுந்து எல்க்கை மறைத்துவிடும். ஈரமான செப்டம்பர் காலையில், காற்றில்லாத மரக்கூட்டத்துக்குள், அது அசையாமல் நிற்கும். குண்டு எங்கே பட்டது, எல்க் எந்தப் பக்கம் திரும்பியது என்று சுட்டவருக்கே தெரியாது. நுரையீரல் துளைபட்ட எல்க்கூட சில வேளை துள்ளாது, தள்ளாடாது. எதுவும் நடக்காததுபோல் மரங்களுக்குள் நடந்துபோகும். துளை விலாவின் மேற்பகுதியில் இருந்தால் ரத்தம் உள்ளேயே தேங்கும். அடர்ந்த மயிர் மிச்சத்தை உறிஞ்சிவிடும். முதல் ஐம்பது கஜத்தில் ஒரு சொட்டுகூடத் தரையில் இல்லாமல் இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு "குறி தப்பிவிட்டது" என்று அடுத்த எல்க்கைத் தேடிப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வேட்டைக்காரர்கள் என்று அழைக்கச் சங்கத்துக்கு மனம் வரவில்லை. காயம்பட்டிருக்கக்கூடிய விலங்கைத் தேடிப்பிடிக்க நியாயமான முயற்சி எடுக்காதது கொலராடோவில் சட்டப்படியே குற்றம். மறுபடி மருந்து கெட்டித்துக்கொண்டு, எல்க் நின்ற இடத்தை மனத்தில் குறித்து, அரை மணி நேரம் பொறுத்து அங்கே போய்க் குளம்புத் தடத்தையும் வெட்டுண்ட மயிரையும் மண்டியிட்டுத் தேடவேண்டும். இலையில் பச்சைக் கசடு தென்பட்டால் குண்டு குடலில் பட்டிருக்கிறது; பல மணி நேரம் காத்திருக்கவேண்டும். இறைச்சி கெடுமே என்ற கவலை நியாயமானதுதான். அந்தக் கவலையைச் சுடுவதற்கு முன்பே பட்டிருக்கவேண்டும்.

இணைசேரும் பருவம் என்பதால் வேட்டைக்காரர் எழுப்பும் குரலுக்கு மயங்கிய ஆண் எல்க் நேர் எதிரே வந்து நிற்கும். அந்த முன்மார்புச் சுடுதலைச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. கழுத்தின் அடியில் உள்ள வழி சிறியது. ஈயக் குண்டு பின்பக்கம் வெளியேறுவதும் அரிது. இருபது கஜத்துக்குள் அனுபவசாலிகளுக்கு விலக்கு வேண்டும் என்ற திருத்தம் ஏற்கப்படவில்லை. எல்க் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கலாம். திரும்பாவிட்டால் போகட்டும்.

வேட்டை விலங்கின் மிச்சத்தோடு குண்டின் ஈயத்தையும் உண்ணும் கழுகுகள், வல்லூறுகள் பற்றிய கவலையைச் சங்கம் கவனத்தில் கொள்கிறது. கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயமற்ற குண்டுகளையே கேட்கிறது. கொலராடோ குறித்து ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

இந்த அறிக்கை மாநில வனவிலங்கு ஆணையத்துக்கு அனுப்பப்படும். கையெழுத்திட்ட உறுப்பினர்கள் தங்கள் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் அதே உறையில் போகும்.