டிஸ்க் போனால் லேப்டாப்பே போயிற்றா?

மடிக்கணினியில் ஓடி ஓடித் தேய்கிற உறுப்புகள் முக்கியமாக மூன்று: பேட்டரி, காற்றாடி, ஹார்ட் டிஸ்க். மற்றவை, தண்ணீர் கொட்டாமலும் கீழே விழாமலும் பார்த்துக்கொண்டால், பத்து ஆண்டு தாண்டியும் உழைக்கும். கும்பகோணத்தில் நான் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்கு வரும் பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால்தான் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் சொல்வதோ வேறு. “லேப்டாப் செத்துப்போச்சுண்ணே, எக்ஸ்சேஞ்சுல எவ்வளவு கிடைக்கும்?” செத்தது டிஸ்க். அதற்கு மொத்த இயந்திரத்துக்கும் காரியம் செய்யப் பார்க்கிறார்கள்.

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அப்படித்தான் வந்தார். மகனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. பையன் வேலைக்குப் போனபின் அது அம்மாவின் கடைக்கு வந்துவிட்டது. பிளவுஸ் அளவுகள், டிசைன் படங்கள், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாம் அதற்குள்தான். சில வாரங்களாக ஆமை வேகம், அப்புறம் கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து. வேறோர் இடத்தில் காட்டியபோது, “போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றார்களாம். போர்டு போயிருந்தால் அந்த இரண்டு வரி எழுத்து எங்கிருந்து வரும்?

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் சுற்று இயந்திரங்களில் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கும். இப்படிப்பட்ட பொருளை ஓடவிட்டபடியே பையில் திணித்து டவுன் பஸ்ஸில் தூக்கிப்போனார்கள் நம் பிள்ளைகள். அது இத்தனை ஆண்டு தாங்கியதே பெரிது.

டிஸ்க் படுத்துவிட்டால் முதலில் செய்யவேண்டியது, இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பது. திரும்பத் திரும்ப ஆன் செய்தால் மிச்சம் மீதியும் போகும். ‘பார்மேட் அடிச்சா சரியாயிடும்’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுத் தம்பியிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டியது அதைவிட முக்கியம். டிக், டிக் என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் முனையே பழுதாகியிருக்கலாம். தூசி புகாத அறை உள்ள ஆய்வகத்தில்தான் அதைத் திறக்கலாம், செலவும் அதிகம். அக்காவின் டிஸ்க்கில் அந்த ஓசை இல்லை, சில பகுதிகள் மட்டும் கெட்டிருந்தன. ஆகவே கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போய் நல்லதை முதலில் அள்ளிக்கொள்ளும், பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கிடைத்தவரை சுரண்டும். ராத்திரி முழுக்க ஓடியது. பாக்கிக் கணக்கு முழுசாக வந்தது, டிசைன் படங்களில் சில வரவில்லை.

மாற்றுகிற வேலை சின்னது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திறந்து, டிஸ்க்கைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தின் திருகுகளை எடுத்தால் கையோடு வந்துவிடும். அதே இடத்தில், சில்லில் சேமிக்கும் 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. உட்காரும். பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மி.மீ. தடிமன், புதியது 7 மி.மீ. ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தால் போதும். பட்டைபோல் நீளமாக இருக்கும் எம்.2 வகையை ஆன்லைனில் வாங்கிவந்து நீட்டுகிறவர்கள் உண்டு. பழைய இயந்திரத்தில் அதற்கு இடமே இருக்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11 இந்த வயது இயந்திரங்களை ஏற்பதில்லை. ஆகவே அக்காவுக்கு லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டுக்கொடுத்தேன், தமிழ்99 விசைப்பலகையோடு. “முன்னாடி டீ போட்டுட்டு வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும் தம்பி, இப்போ பட்டுனு வந்துடுது” என்றார். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, தேடி அலையும் முனை இல்லை, அதனால் அந்த வேகம். ஆனால் போகும்போது அது பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமல் போகும். முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வெளியே இருக்கட்டும். பழைய டிஸ்க்கையும் கடையில் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பப் படமும் ஆதார் நகலும் அதில்தான் கிடக்கின்றன.

இதெல்லாம் முடிந்ததற்கு ஒரே காரணம், அந்த டிஸ்க்கைக் கழற்ற முடிந்தது. இன்று விலை குறைந்த புதிய மடிக்கணினிகள் பலவற்றிலும், விலை உயர்ந்த மெல்லிய ரகங்கள் சிலவற்றிலும் சேமிப்புச் சில்லைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். சில்லு போனால் போர்டையே மாற்ற வேண்டும். அதைவிட மோசம், ஒரு டம்ளர் காபி கொட்டிப் போர்டு போனால் சில்லில் இருப்பதும் அதோடு போகும். பழைய இயந்திரத்தில் போர்டு எரிந்தாலும் டிஸ்க்கை உருவி வேறொன்றில் மாட்டிவிடலாம். மெல்லிசாக வேண்டும் என்பதற்காக என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். எம்.2 பட்டையே ஒரு சூயிங்கம் அளவுதான். எனக்கு அது நம்பும்படி இல்லை.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி விற்கும்போது, பழுதுபார்க்க அது எவ்வளவு தோது என்று பத்துக்கு இத்தனை என ஒரு மதிப்பெண் காட்டியாக வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் வந்தது. மதிப்பெண் முறைக்கான குழுவும் 2025-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. ஆனால் அதில் முதல் கட்டம் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும்தான். மடிக்கணினியை ஏன் காக்க வைக்க வேண்டும்?

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. இவ்வளவு வாங்குகிறவர் சொல்வதை எந்தக் கம்பெனியும் கேட்கும். டெண்டரில் ஒரு வரி வேண்டும்: சேமிப்புச் சாதனத்தைச் சாதாரண திருப்புளியால் கழற்றி மாட்ட முடிய வேண்டும். நீங்களும் வாங்கப் போகும் கடையில் இதைக் கேளுங்கள். “பற்றவைத்தது” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.