ஓடுகிறதே, போதாதா?

லேப்டாப் கீழே விழுந்துவிட்டது. ஒரு மூலை நெளிந்திருக்கிறது. எடுத்து சுவிட்சைப் போடுகிறார்கள். திரையில் வெளிச்சம் வருகிறது. "அப்பாடா! ஒன்றும் ஆகவில்லை" என்று மூச்சு விடுகிறார்கள்.

அவசரப்பட்டு விட்ட மூச்சு அது! ஓடுகிறது என்பது வேறு. ஆபத்து இல்லை என்பது வேறு.

கோவைக்காரர்களுக்கு இது தெரியாதது அல்ல. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டிய ஊர் இது. கிணற்று மோட்டார் நனைந்துவிட்டால் இங்குள்ள மெக்கானிக் எடுத்தவுடன் சுவிட்சைப் போடமாட்டார். முதலில் 'மெக்கர்' வைத்துப் பார்ப்பார். மின்சாரம் மோட்டாரின் உடம்புக்குக் கசிகிறதா என்று அந்தக் கருவி காட்டிவிடும். அதன் பிறகுதான் கனெக்ஷன். தோட்டத்து மோட்டாருக்குக் காட்டுகிற இந்த எச்சரிக்கையை, குழந்தை மடியில் வைத்துப் படிக்கிற லேப்டாப்புக்குக் காட்டுவது இல்லையே, ஏன்?

ஆர்.எஸ்.புரத்தில் ரிப்பேர் கடைக்கு வருகிற பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"ஏனுங்க, அடியில கொஞ்சம் உப்பியிருக்குதுங்க. ஆனா நல்லா ஓடுது. இன்னொரு வருஷம் ஓட்டிக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்று சொல்கிறவரே நல்ல மெக்கானிக். "பார்த்துக்கலாம்" என்கிறவரிடம் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவதே மேல்.

உப்பிய பாட்டரி

லேப்டாப் பாட்டரிக்குள் இரண்டு தகடுகள் உண்டு. ஒன்றை ஒன்று தொடாமல் தடுப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு தாள். உள்ளே இருக்கும் திரவம் தீப்பற்றக் கூடியது. பாட்டரி கெட்டுப்போனால் உள்ளே வாயு உண்டாகி உப்புகிறது. அடிபட்டாலோ, நெளிந்தாலோ அந்தத் தாள் கிழியலாம். தகடுகள் தொட்டுக்கொண்டால் சூடு ஏறும், புகை வரும், தீப்பிடிக்கும். இது உடனே நடக்க வேண்டும் என்பது இல்லை. பல நாள் கழித்து, ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும் நடக்கலாம்.

உப்பலை ஊசியால் குத்தினால் வடிந்துவிடும் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை விட விபரீதமான யோசனை கிடையாது!

2006-ல் டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பாட்டரிகளைத் திரும்பக் கேட்டது. அவை சோனி செய்து கொடுத்தவை. உள்ளே நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்தன. வெளியே ஒரு கீறல் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தன. ஆனாலும் சில தீப்பிடித்தன. கண்ணுக்குத் தெரியாத துகளே இந்தப் பாடு படுத்தியது என்றால், கண்ணுக்குத் தெரிகிற நெளிவை அலட்சியம் செய்யலாமா?

சார்ஜர் விஷயமும் இப்படித்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது சுமார் 19 வோல்ட்டாகக் குறைக்கிறது. மேல் கூடு உடைந்து, டேப் சுற்றிய சார்ஜரில் விரல் பட்டால், படுவது 19 வோல்ட்டா, 230 வோல்ட்டா, யார் கண்டது? மேஜைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டி இன்னும் பொல்லாதது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் சிறிது நேரம் தங்கியிருக்கும். வீட்டில் அதைத் திறக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். கீபோர்டில் ஒரு பட்டன் உடைந்தால் உயிர் போகாது. பிராசசரில் ஒரு பின் வளைந்தால் நஷ்டம் பணத்தோடு முடிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் விழுந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஓட்டிப் பார்க்கப் பார்க்க உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோக்கள் அழியும்.

கொங்கு நாட்டில் சிக்கனம் பழைய குணம். அதைக் குறை சொல்ல முடியாது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா வாங்கியது தம்பிக்கு வந்து, பிறகு அத்தை மகனுக்கும் போயிருக்கும். லேப்டாப் உழைக்கலாம், அத்தனை வருஷம் பாட்டரி உழைக்காது. புதிய பாட்டரி வாங்கக் கையில் பணம் இல்லையா? அதற்கும் வழி உண்டு. பாட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல சார்ஜரில் நேராக ஓடும் லேப்டாப்கள் பல இருக்கின்றன. மெக்கானிக்கைக் கேட்டுச் செய்யலாம். கரண்ட் போனால் அணைந்துவிடும், அவ்வளவுதான்.

கழற்றிய பாட்டரியை மணல் போட்ட சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே வைப்பது நல்லது. பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருக்கின்றன. ஆகவே விற்ற கடையில் தயங்காமல் கேட்கலாம். குப்பைத் தொட்டியில் மட்டும் போடக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். பக்கத்தில் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி.