அடமன்ட்டா? எதில்?

போன சனிக்கிழமை மகள் பள்ளியில் பேரண்ட்ஸ் மீட்டிங். புனே வந்ததிலிருந்து அதே பள்ளிதான். மார்க்கெல்லாம் நன்றாகவே இருந்தது. ரிப்போர்ட் கார்டின் அடியில் மட்டும் ஒரு வரி: 'வெரி அடமன்ட் சைல்ட்'. திரும்பும் வழியிலேயே நானும் ஆரம்பித்துவிட்டேன், "ஸ்கூல்ல போய் ஏன்டி அடம் பிடிக்கிற?"

நிற்க. நம்மவர்களுக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு ஆசை வந்ததற்கு, அதற்குள் நம்ம 'அடம்' கேட்பதும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது கிரேக்கத்து 'அடமாஸ்' வழி வந்தது. அடக்க முடியாதது என்று பொருள். உடைக்கவே முடியாத கல்லுக்கு அது பெயர். டயமண்டும் அதே வேர்தான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் அடமன்ட் என்றால் 'எதில்?' என்பதும் பெரும்பாலும் கூடவே வரும். ராஜினாமா செய்ய மாட்டேன் என்பதில் அடமன்ட், விலையைக் குறைக்க மாட்டேன் என்பதில் அடமன்ட். ஒருவர் எடுத்த முடிவைச் சொல்லும் சொல் அது. குணத்தைத் திட்டுவதற்கு ஸ்டப்பர்ன், ஆப்ஸ்டினேட் என்று தனியாக இருக்கின்றன. நாம்தான் 'எதில்' என்பதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம்.

சரி, இவள் எதில் அடமன்ட்? வீட்டுக்கு வந்து தங்கமணிதான் பொறுமையாகக் கேட்டாள். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார்களே என்று, அட்மிஷன் ஃபாரத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். இந்த ஊரில் சர்நேம் சொல்லிக் கூப்பிடுவது சகஜம். டீச்சரும் அப்படியே கூப்பிட்டிருக்கிறார். "அது எங்கப்பா பேரு, என் பேரு இல்ல" என்று இவள் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். நாலாவது தடவை எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். வயது எட்டு.

அதே கட்டத்துக்காக பேங்க், கேஸ் கனெக்‌ஷன், ஆபீஸ் ஐடி கார்டு என்று ஒவ்வொரு இடத்திலும் பல்லைக் காட்டித் தலையாட்டியவன் நான். எனக்குக் கிடைத்த பட்டம் 'நல்லா அட்ஜஸ்ட் பண்ணிப் போறவர்'. பெருமையாகவா இருக்கிறது?

ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்ப்பவர்களே, அடுத்த முறை யாராவது உங்கள் குழந்தையை அடமன்ட் என்றால் உடனே திட்டாதீர்கள். முதலில் 'எதில்?' என்று கேளுங்கள். வெறும் சாக்லேட்டுக்கு என்றால் அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை கார்டில் கையெழுத்துப் போடும்போது அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று சொல் சேர்த்தேன்: 'அபவுட் ஹெர் நேம்'. இப்போதுதான் வாக்கியம் முடிந்திருக்கிறது.