கற்பிப்போரும் கற்க வேண்டும்

கார்த்திகை மாதத்துக் காலை. பல்கலைக்கழகப் போலோ மைதானத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. பனி என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் பாதி புகை என்பது நமக்குத் தெரியும். ஊதல் ஒலிக்கிறது. "ஆறு சுற்று!" என்கிறது ஒரு குரல். சென்ற ஆண்டுதான் ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவர் இருமிக்கொண்டே ஓடத் தொடங்குகிறார்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்திற்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறான். முழு மூச்சாக ஓடும் இளைஞனோ நூறு லிட்டருக்கும் மேல் இழுக்கக்கூடும். அறையில் தூங்குகிறவனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் புகையை அவன் நெஞ்சு வாங்கிக்கொள்கிறது. 2017 டிசம்பரில் இதே டில்லிப் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் முகமூடி அணிந்து ஆடியதும், ஆட்டமே இடையில் நின்றதும் உலகறிந்த செய்தி. அவர்கள் பக்கத்தில் மருத்துவர் இருந்தார். முறையிட நடுவர் இருந்தார். நம் தம்பிக்கு யார் இருக்கிறார்?

"இன்று ஓடலாமா, கூடாதா?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். அந்த விடையை அவருக்குச் சொல்லித் தர வேண்டியவர் யார்? நண்பர்களே, அதைப் பற்றித்தான் இங்கே சில சொற்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் நான் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன். ஒருநாள் ஆடுதசையில் சுருக்கென்று வலி. எங்கள் ஆசிரியர் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, "வலிச்சாத்தாண்டா வளரும், ஓடு" என்றார். ஓடினேன். இரண்டு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய கிழிசல் ஓராண்டு என்னை நொண்ட வைத்தது. அதோடு என் ஓட்டமும் முடிந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சம்பளத்தில் பாதியைப் பையன்களுக்கு முட்டை வாங்கியே செலவழித்த மனிதர் அவர். அவரிடம் அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பெற்ற ஒரு பட்டயமும் இருந்தது. அதற்குப் பிறகு அவரை அழைத்து, "ஐயா, இப்போது இப்படிச் சொல்கிறார்கள்" என்று ஒரு சொல் சொல்ல இந்த நாட்டில் யாரும் இருக்கவில்லை. குறை அங்கேதான்.

இத்துறையில் நாம் பின்தங்கிப் பிறந்தவர்களும் அல்லர். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று போற்றப்படுவது. நந்தனத்தின் மரநிழலில் இன்றும் நடக்கிறது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு அந்தப் பக்கே மேலாளர். பிறகு 1957-ல் குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரி. 1961-ல் பட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டுக் கழகம். 1987-ல் நமது டில்லிப் பல்கலைக்கழகத்திற்கென விகாஸ்புரியில் இந்திரா காந்தி உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞான நிலையம். 2004-ன் சட்டத்தால் தமிழ்நாட்டிற்கு ஒரு தனிப் பல்கலைக்கழகம். ஆசிரியரை உருவாக்கும் கூடங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. உருவாகி வெளியேறியவரைப் பிறகு திரும்பிப் பார்ப்பதற்குத்தான் பஞ்சம்.

படித்தது படித்ததுதானே, மனித உடல் மாறிவிட்டதா என்று கேட்பார்கள். உடல் மாறவில்லை, உடலைப் பற்றிய அறிவு மாறிவிட்டது. கடுமையாக ஓடிய மறுநாள் கால் வலிப்பது லாக்டிக் அமிலத்தால் என்று ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. அந்த அமிலம் ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து அகன்றுவிடுகிறது. மறுநாள் வலி தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் என்பது இன்றைய அறிவு. சுளுக்கு என்றால் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு விதியை 1978-ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எழுதியவரே திருத்திக்கொண்டார், அதைப் படித்தவர் திருத்திக்கொள்ள வேண்டாமா?

அறியாமைக்கு விலை உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அங்கே கிடைத்த உணவு பழக்கமில்லாததால் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அவரை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் 1985-ல் முதன்முதலாகத் துரோணாச்சாரியார் விருது பெற்றவர்களில் ஒருவர். குரு சிறந்தவர், சிஷ்யை ஈடற்றவர். கூட ஓர் உணவு நிபுணர் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2024 ஆகஸ்டு 6-ல், அதே பாரிஸ் நகரில், வினேஷ் போகட் ஒரே நாளில் மூன்று மல்யுத்தங்களை வென்று இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை எடை ஐம்பது கிலோவுக்கு மேல் நூறு கிராம். பதக்கமே போயிற்று. இம்முறை மருத்துவரும் இருந்தார், உணவு நிபுணரும் இருந்தார். தண்ணீரை வற்றவைத்து எடை குறைத்த உடல், நீரும் உணவும் கிடைத்ததும் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறது; அந்த மாலையில் ஏறியது ஏறக்குறைய 2.7 கிலோ. இரவெல்லாம் உழைத்தும் முழுவதும் இறங்கவில்லை. யார் தவறு என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் ஒன்று தெளிவாகிறது. 1984-ல் ஆள் இல்லை. 2024-ல் ஆட்கள் இருந்தும் போதவில்லை. எடைக் குறைப்பு ஒரு தனிக் கலை. பழகித் தேர்ந்தவர்களுக்கே நூறு கிராம் இப்படிக் கைநழுவுமானால், ஒரு முறை படித்த பாடத்தை வைத்துக்கொண்டு மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறவர்களை என்ன சொல்வது?

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து தருபவன். நான்கில் ஒன்று குறைந்தாலும் வைத்தியம் பலிக்காது. விளையாட்டும் அப்படித்தான். நாம் ஓடுகிறவனைக் கொண்டாடுகிறோம். அருகிருந்து தருபவனை மறந்துவிடுகிறோம். அவன் தருவது என்ன என்பதையாவது கேட்கிறோமா? 2010-ல் இந்த டில்லியில் காமன்வெல்த் விளையாட்டில் தொடரோட்டத் தங்கம் வென்ற நம் பெண்கள் நால்வரில் மூவர், அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். தாங்கள் உண்ட ஜின்செங்கில் கலந்திருந்தது என்றார்கள். தடையிலிருந்து தப்ப முடியவில்லை. நமது விடுதிக்குப் பக்கத்துத் தெரு உடற்பயிற்சிக் கூடத்தில் டப்பா டப்பாவாக மாவு விற்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியுமா? வாங்கும் நமக்குத் தெரியுமா?

மறுப்புரைகள் எழும். "சிலம்ப ஆசான் எந்தச் சான்றிதழ் வாங்கினார்? அகாடா உஸ்தாத் எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆசான் தம் ஆசானுடன் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்ந்து கற்றவர். பக்கத்தில் மூத்தவர் இருந்து திருத்திக்கொண்டே இருப்பார். அதுவும் இடையறாத பயிற்சிதான். ஆறு வாரச் சான்றிதழோடு தனியே விடப்பட்ட இளைஞருக்கு அந்தப் பேறு இல்லை.

"இது காகித வியாபாரமாகிவிடும்" என்பார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு சொற்பொழிவு, மாலையில் ஒரு சான்றிதழ், இடையில் சமோசா என்று ஆகிவிட்டால் பயனில்லை. ஆகவே வழியைச் சரியாக வகுக்க வேண்டும்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற சங்கம் 1954-ல் தோன்றியது. அது தரும் சான்றிதழை மூன்றாண்டுக்கொரு முறை, புதிதாகக் கற்றதைக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். பிரிட்டனில் பட்டம் மட்டும் போதாது. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணி செய்து காட்டிய பிறகே சங்கத்தின் அங்கீகாரம். நாமும் இவ்விரண்டையும் எடுத்துக்கொள்வோம். கூடவே நமக்கென மூன்று சேர்ப்போம். ஒன்று, செலவு பயிற்சியாளர் தலையில் விழக்கூடாது. வேலை தருகிறவர் தர வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் விடுப்பெடுத்துப் பணம் கட்டிப் படி என்பது கேலி. இரண்டு, பாடம் தமிழில் வேண்டும். இராமநாதபுரத்துக் கபடி ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் உடலியல் சொல்வது சுவருக்குச் சொல்வது. மூன்று, உச்சியில் உள்ளவர்களுக்கு மட்டுமின்றிப் பள்ளி மைதானத்து ஆசிரியருக்கும் அது எட்ட வேண்டும். ஒலிம்பிக் வீரர் அங்கேதான் முளைக்கிறார். கால் ஒடிந்து விலகுகிற ஆயிரம் பேரும் அங்கேதான் விலகுகிறார்கள்.

அரசாங்கம் செய்யட்டும் என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டி வரப்போகிறது. கயிறு இழுப்போம், ஓடுவோம், உறியடிப்போம். அதற்கு ஒரு வாரம் முன்பாக ஒரு மாலை நேரம் ஒதுக்குவோம். விகாஸ்புரியிலிருந்து ஓர் ஆசிரியரை அழைப்போம். மயங்கி விழுந்தவனுக்கு முதலில் என்ன செய்வது, சுளுக்கிய காலை எப்படிக் கட்டுவது, காற்றின் தரக்குறி எவ்வளவு காட்டினால் ஓட்டத்தை நிறுத்துவது என்று போட்டி நடத்தும் பத்துப் பேர் கற்றுக்கொள்வோம். அடுத்த ஆண்டு புதிய பத்துப் பேரோடு அந்தப் பழைய பத்துப் பேரும் மறுபடி வந்து உட்காரட்டும். மறுபடி வருவதுதான் முக்கியம்.

என் பழைய ஆசிரியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற விடுமுறையில் அவரைக் கண்டேன். மிர்கின் தம் விதியைத் திருத்திக்கொண்ட கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் காலைப் பார்த்து, "இதை அப்பவே யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதாடா?" என்றார்.