பழைய இரும்பு இருக்கட்டும், பழைய சிஸ்டம் வேண்டாம்

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்தில் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கணக்கு எழுதுகிறவர்கள், லாரிக்காரர்கள், செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் குத்தகைக்காரர்கள். பல இடங்களில் மாடிப்படிக்குக் கீழே பழைய சர்வர் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சம்பளக் கணக்கு, இபிஎஃப், சொக்சோ பிடித்தங்கள் எல்லாம் அதற்குள்தான். திறந்து பார்த்தால் சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் சிஸ்டம். "நல்லாத்தானே ஓடுது. ஓசி ஆன்டிவைரஸ் ஒன்னு போட்டுக் கொடுங்கண்ணே" என்பார்கள்.

அந்த ஓசிச் சரக்கு கிளாம்ஏவி. போலந்துக்காரர் தோமாஷ் கோய்ம் தொடங்கியது. 2013 முதல் சிஸ்கோவின் கையில் இருக்கிறது. சர்வரில் கிடக்கும் கோப்புகள் வழியாக மேசைகளில் இருக்கும் விண்டோஸ் கணினிகளுக்கு வைரஸ் பரவாமல் தடுக்க நல்ல மென்பொருள். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொல்லை, அந்தப் பழைய சிஸ்டத்தில் அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து கட்டுவதில்தான். 0.104 பதிப்பிலிருந்து அதைக் கட்டுவதற்குச் சிமேக் என்ற கருவியின் புதிய பதிப்பு வேண்டும்; சென்ட்ஓஎஸ் 6இல் இருப்பது 2.8. அதைத் தனியாகக் கட்டி முடித்தால், 0.105இலிருந்து ரஸ்ட் என்ற நிரல்மொழியையும் கேட்கிறது. ரஸ்ட்டோ 2022 செப்டம்பரில் வந்த 1.64 முதல் ஜிலிப்சி 2.17 இல்லாமல் ஓடாது. இங்கே இருப்பது 2.12. சிஸ்டத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதில் கைவைத்தால் மற்ற எல்லாம் சரிந்துவிடும். சரி, பழைய பதிப்பையே போடலாம் என்றால், வைரஸ்களை அடையாளம் காட்டும் கையொப்பக் கோப்புகளை இறக்கும் ஃபிரெஷ்கிளாம் 403 (அனுமதி இல்லை) என்று கையை விரிக்கிறது. காலாவதியான பதிப்புகளுக்குக் கதவு அடைப்பது புதிதல்ல. 2010 ஏப்ரல் 15 அன்று 0.95க்கு முந்தைய பதிப்புகளை ஒரே அப்டேட்டில் முடக்கினார்கள். பல ஊர்களில் மெயில் சர்வர்கள் நின்றுபோயின.

எப்படியோ ஏற்றிவிட்டாலும் ரேம் இடிக்கும். கையொப்பங்களை நினைவகத்தில் வைக்க மட்டும், பின்னணியில் ஓடும் கிளாம்டிக்கு 1 ஜிபிக்கு மேல் வேண்டும். அப்டேட் வரும்போது பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் தேவை இரட்டிப்பாகிறது. 2 ஜிபி சர்வரில் சிஸ்டத்தின் கெர்னலே கிளாம்டியைக் கொன்றுவிடும். லாக்கில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். லாக்கை யார் பார்க்கிறார்கள்? முதலாளி, ஆன்டிவைரஸ் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் நிம்மதியாக இருப்பார்.

இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்தாலும் வீண் என்பதே என் கட்சி. சென்ட்ஓஎஸ் 6க்குத் திருத்தங்கள் 2020 நவம்பர் 30உடன் நின்றன. 7க்கு 2024 ஜூன் 30உடன். சிஸ்டத்தில் உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது யாரும் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் பகிர்வு ஓட்டை வழியாகவே நுழைந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. அதே மே மாதம் லினக்ஸின் சம்பாவிலும் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. நம் மாடிப்படி சர்வர்கள் கோப்புகளைப் பகிர்வது அந்தச் சம்பாவில்தான்.

அதற்காக இரும்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதே பெட்டியில் கூடுதல் ரேம் போட்டு, இன்றைய டெபியன் லினக்ஸை ஏற்றினால் கிளாம்ஏவி கட்டியே வருகிறது, ஒரே கட்டளை. சிஸ்டமும் இலவசம், ஆன்டிவைரஸும் இலவசம். கொடுக்க வேண்டியது வேலை செய்கிறவன் கூலி மட்டும். அதில் பேரம் பேசித்தான் பலர் பழையதையே வைத்திருக்கிறார்கள். சம்பள மென்பொருள் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும் என்றால், அந்தப் பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்துத் தனியாக வையுங்கள்.

உங்கள் கணினிக்காரரிடம் நாளைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: சர்வரில் எந்தச் சிஸ்டம், எந்தப் பதிப்பு? ஃபிரெஷ்கிளாம் கடைசியாக அப்டேட் ஆனது என்றைக்கு? பதில் வரவில்லை என்றால், முதலில் கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.