கயிற்றை இழுக்கும் முன்



வடக்கு ஒன்ராறியோவில் முதல் பெரும்பனி விழுந்த காலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏழெட்டு மாதங்கள் கராஜின் மூலையில் உறைக்குள் கிடந்த ஸ்னோமொபைல் வெளியே கொண்டுவரப்படுகிறது. உரிமையாளர் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பற்றி இழுக்கிறார். பத்து முறை, இருபது முறை இழுத்தும் இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு அடங்கிவிடுகிறது. தோள் வலிக்கிறது, கோபம் மூள்கிறது. "மார்ச் மாதத்தில் நன்றாகத்தானே ஓடியது!" என்கிறார் அவர்.

நன்றாக ஓடியது உண்மைதான். ஆயினும் டிசம்பரில் வெளிப்படும் குறை பெரும்பாலும் மார்ச்சிலேயே விதைக்கப்பட்டது என்பதே என் கருத்து. இயந்திரம் நம்மைக் கைவிடவில்லை. நாம்தான் அதை அப்படியே விட்டுப் போனோம்.

தொட்டியில் விடப்பட்ட பெட்ரோல் கோடையில் சும்மா இருப்பதில்லை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி மெல்ல மெல்லப் பறந்துபோகிறது. குளிரில் இயந்திரத்தை எழுப்ப வேண்டியதும் அந்தப் பகுதியே. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. எஞ்சியது கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பிசினாகப் படிகிறது. அவற்றுள் பைலட் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவே. அவ்வளவு சிறிய வழி அடைபட்டாலே வண்டி எழும்ப மறுக்கும்.

ஆகவே, கயிற்றை விட்டுவிட்டு, ஒழுங்குமுறையோடு சோதித்துப் பாருங்கள். எளியதிலிருந்து தொடங்குங்கள். பாதுகாப்புக் கயிற்றின் மூடி அதன் இடத்தில் பொருந்தியிருக்கிறதா? கைப்பிடியிலுள்ள நிறுத்தும் சுவிட்ச் சரியான நிலையில் இருக்கிறதா? எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா? சோக் இழுக்கப்பட்டதா? அனுபவம் மிக்கவர்களும் இவற்றில் ஒன்றை மறந்து அரைநாளை இழந்ததுண்டு.

அடுத்து, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். எரிபொருள் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். காற்றுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிகள் அங்கே கூடுகட்டியிருப்பது அரிதான காட்சியன்று. பின்பு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பலமுறை இழுத்த பின்னும் அது உலர்ந்திருந்தால், எரிபொருள் வந்து சேரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அது பெட்ரோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. புதிய பிளக்கைப் பொருத்தி, பொறி பறக்கிறதா என்று பாருங்கள். கசிந்த பெட்ரோலுக்கு அருகில் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பேட்டரியால் இயங்கும் வண்டியாயின், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கராஜின் கதவை மூடிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது உயிரைக் கொல்லும். இரண்டாவது, "எப்படியோ கிளம்பிவிட்டது" என்பதில் திருப்தியடையாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பலவற்றில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்தே உள்ளே போகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயில் அந்த எண்ணெய் இல்லை. அதை மீண்டும் மீண்டும் அடித்து எழுப்புவது உலோகத்தை உலர்ந்த நிலையில் உரசவிடுவதாகும். சோக்கை இழுத்துப் பிடித்தால் மட்டுமே ஓடும் வண்டி இன்னும் நோயுற்றதே. எரிபொருள் குறைந்து, காற்று மிகுந்து ஓடும்போது பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி உருகும். அது வீட்டு வாசலில் நிகழாது. பத்து கிலோமீட்டர் தாண்டி, உறைந்த ஏரியின் நடுவில், பொழுது சாயும் வேளையில் நிகழும்.

இதை நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்? ஸ்னோமொபைல் எல்லோருக்கும் விளையாட்டுப் பொருளன்று. 1934ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்னும் ஊரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்பவரின் சிறுமகன் குடல்வால் அழற்சி முற்றி இறந்தான். பனி சாலைகளை மூடியிருந்ததால் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. பனிமேல் ஓடும் வண்டியொன்றை உருவாக்கப் பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தவர் அந்தத் தந்தை. வேண்டிய வேளையில் அது ஓடும் நிலையில் இல்லை. அவர் தம் உழைப்பைக் கைவிடவில்லை. 1937இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் அவர் உருவாக்கிய சிறிய ஸ்கீ-டூ, வடக்கு ஒன்ராறியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸில் ஊழியம் செய்த மிஷனரி ஒருவரிடம் முதன்முதலில் போய்ச் சேர்ந்தவற்றுள் ஒன்று. வடபகுதியின் பல சமூகங்களில் இன்றும் வேட்டைக்கும் விறகுக்கும் நோயாளியை ஏற்றிச் செல்வதற்கும் மக்கள் அதையே நம்பியிருக்கிறார்கள்.

எனவே, வண்டி எழும்பிய மகிழ்ச்சியில் இவ்வாண்டின் பாடத்தை மறந்துவிடாதீர்கள். பனி உருகும் நாளில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்கிவையுங்கள். புதிய பெட்ரோலில் ஸ்டெபிலைசரைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை சென்று சேரும்படி சில நிமிடங்கள் இயந்திரத்தை ஓட்டுங்கள். சிலிண்டருக்குள் காப்பு எண்ணெயைத் தெளியுங்கள். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் வையுங்கள். காற்று புகும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் எலி நுழையாதபடி துணியால் அடையுங்கள். அடைத்ததை எடுக்க நினைவூட்டும் சீட்டொன்றைக் கைப்பிடியில் கட்டுங்கள்.

அந்த மாலையில் உங்களுக்கு அவசரம் எதுவும் இராது. அவசரம் வரும் நாளிலோ, இதற்கெல்லாம் நேரம் இராது.