பொறியோடு விற்கப்பட்ட பெண்மை

ஒரு பொருளின் தரத்தைச் சொல்லி விற்பது வணிக அறம்; அதை இயக்குவோர் இன்ன பாலினர், இன்ன இயல்பினர் என்று வரையறுத்து விற்பது, சமூகத்தின் வழக்கத்தையே திருத்தி எழுதும் செயல். விளம்பரம் செய்ய உரிமை உண்டெனில், அதன் விளைவுக்கு விடை சொல்லும் கடமையும் உண்டு.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்த தட்டச்சுப் பொறி, தையற்பொறி செய்த அதே தொழிற்சாலையிலிருந்து, பூக்கள் தீட்டிய கரிய உடலோடும் காலால் மிதிக்கும் தையற்பொறித் தாங்கியோடும் வெளிவந்தது. மறு ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்து விளம்பரமோ, பெண்களுக்கு இத்துணை எளிய, ஏற்ற பிழைப்பைத் தந்த கண்டுபிடிப்பு வேறில்லை என்று இரக்கத்தை எழுப்பி, அதைப் பரிசுப்பொருளாக வாங்கத் தூண்டிற்று. பெண்ணுக்கு அலுவலகக் கதவு திறந்தது மெய். அவள் அமர வேண்டிய நாற்காலி எதுவென்பதும் அன்றே குறிக்கப்பட்டது. சொல்பவர் ஆண், தட்டுபவர் பெண் என்னும் காட்சியைப் பின்வந்த விளம்பரங்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்தன.

அது இயற்கையின் நியதி அன்று என்பதற்கு நம் நாடே சான்று. சென்னை மாகாணத்து அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் தட்டச்சர்களாக இருந்தோர் பெரும்பாலும் ஆண்களே. ஆண் விரலுக்கு அத்தொழில் ஒவ்வாது என்று அன்று எவரும் உரைத்திலர். பெண்கள் அவ்விருக்கைக்கு வந்த பின்னரே மென்மை, பொறுமை, புன்னகை ஆகியன தகுதிகளாயின. திறமைக்குரிய ஊதியத்தை, இயல்பென்று பெயரிட்டுக் குறைக்க இதைவிட வசதியான வழி வேறில்லை.

வடகரையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் பேருந்தேறித் தென்காசிக்குத் தட்டச்சுப் பழக வரும் பெண்கள், ஆங்கில முதுநிலைத் தேர்வில் நிமிடத்துக்கு 45 சொற்கள் அடித்தாக வேண்டும். தேர்வுக்கூடத்துக் கடிகாரம் எவரிடமும் பால் பார்ப்பதில்லை. தேறி வெளியே வந்தவுடன், ‘பெண்கள் மட்டும், நல்ல தோற்றம் அவசியம்’ என்று ஆள் கேட்கும் அறிவிப்பு அவர்களை எதிர்கொள்கிறது. அதில் ஊதியம் மட்டும் எழுதப்பட்டிராது.

வேலையில் பால் பார்க்கும் இவ்வழக்கத்துக்கு எதிர்ப்பு எழாமலில்லை. மணம் புரியப் பெண் அதிகாரி மட்டும் அரசின் இசைவு பெற வேண்டும் என்ற அயலுறவுப் பணி விதியை, 1979இல் அப்பணியின் அதிகாரி முத்தம்மா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இந்திய விளம்பரத் தர மன்றமும், தீங்கிழைக்கும் பாலினச் சித்திரிப்புகளுக்கு எதிராக 2022இல் நெறிமுறை வகுத்தது. எனினும், சிற்றூர்க் கடைச் சுவரில் ஒட்டப்படும் துண்டு அறிவிப்பையும் நாளிதழின் வரி விளம்பரத்தையும் நாள்தோறும் நிறுத்துப் பார்க்க அம்மன்றங்களால் இயலாது. அப்பொறுப்பு அச்சிடுவோர்க்கே உரியது: பாலும் தோற்றமும் கேட்கும் சொற்களை நீக்கி, வேண்டிய தேர்ச்சியையும் தரும் ஊதியத்தையும் எழுதித் தந்தாலன்றி, எந்த வேலை விளம்பரத்தையும் தென்காசி மாவட்டத்து இதழ்கள் ஏற்றலாகாது.